எட்டாவது வளையம்

அலாஸ்காவின் மலைகளில் டால் ஆடு என்றொரு காட்டுச் செம்மறி வாழ்கிறது. உடம்பு முழுக்கப் பால்வெள்ளை. கிடாவின் கொம்பு மட்டும் தேன் நிறம். பின்னால் வளைந்து, காதுக்குக் கீழே இறங்கி, கன்னத்தை ஒட்டி மறுபடி மேலேறும். ஆகஸ்டில் வேட்டைக்காலம் தொடங்கும்போது, அந்த மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் எந்தக் கிடாவைச் சுடலாம் என்பதற்கு விதி இருக்கிறது. கொம்பு ஒரு முழுச் சுற்றை முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கொம்புகளின் நுனியும் உடைந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கிடாவுக்கு எட்டு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கும் பொருந்தாத கிடாவைச் சுடுவது குற்றம்.

ஆட்டிடம் போய் வயது கேட்க முடியாது. கொம்புதான் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் தீனி அருகிக் கொம்பின் வளர்ச்சி நின்றுபோகும். வசந்தத்தில் மறுபடி தொடங்கும். நின்ற இடத்தில் கொம்பைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். மரத்தை அறுத்தால் தெரிகிற ஆண்டு வளையத்துக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வளையம் எண்ண வேண்டும். கிடாவோ எதிர் மலையின் பாறை விளிம்பில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் எழுந்து ஓடிவிடும்.

இதற்காகவே வேட்டைக்காரர்கள் சுமந்து திரியும் கருவிக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று பெயர். தமிழில் நிலத்தொலைநோக்கி எனலாம். வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரிந்தால் யாருக்கும் கவலையில்லை. நிலாவுக்கு ஏது தலையும் காலும்? ஆட்டுக்கு உண்டு. அதனால் இதற்குள் முப்பட்டகங்களை வைத்து உருவத்தை நிமிர்த்தியிருப்பார்கள்.

இனி நம் புதிர். கடையில் இரண்டு நிலத்தொலைநோக்கிகள். இரண்டிலும் முன்பக்க லென்ஸின் விட்டம் 80 மி.மீ. இரண்டும் 60 மடங்கு வரை பெரிதாக்கும். ஒன்றின் விலை சுமார் 300 டாலர். மற்றதன் விலை அதைப்போல் பத்து மடங்கு. கடை வாசலில் நின்று எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும். மலையில், காலை வெயில் பட்ட வெள்ளை ஆட்டை 60 மடங்கில் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மலிவான கருவியில் ஆட்டின் முதுகை ஒட்டி மெல்லிய ஊதாக் கரை ஓடும். கொம்பின் ஏழாவது பள்ளமும் எட்டாவது பள்ளமும் ஒரே கறையாகக் குழம்பி நிற்கும். எண்கள் எல்லாம் ஒன்றாக இருக்க, அந்த ஊதா எங்கிருந்து வந்தது?

லென்ஸின் வேலை ஒளியை வளைப்பது. ஆட்டின் உடம்பில் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளி, லென்ஸின் முகம் முழுக்க விழுகிறது. அத்தனையையும் வளைத்து மறுபடி ஒரே புள்ளியில் சேர்த்தால் உருவம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தை அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக. முப்பட்டகத்தில் வானவில் பிரிவது இதனால்தான். பள்ளிப் பாடத்தில் இதை நிறப்பிரிகை என்று படித்திருப்போம். முப்பட்டகத்தில் அழகாக இருக்கிற விஷயம் லென்ஸில் வினையாகிறது: நீலம் முன்னதாகக் குவியும், சிவப்பு தள்ளிப்போய்க் குவியும். சாதாரணக் கண்ணாடியில் 45 செ.மீ. குவியத்தூரம் கொண்ட ஒரு தனி லென்ஸைச் செய்தால், நீலம் குவியும் இடத்துக்கும் சிவப்பு குவியும் இடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 7 மி.மீ. இடைவெளி. எந்த இடத்தில் கூர்மைப்படுத்தினாலும் மற்ற நிறங்கள் அதைச் சுற்றிக் கசிந்து நிற்கும். இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர்.

பதினேழாம் நூற்றாண்டு வானியலாளர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். லென்ஸை மெலிதாக்கிக் குவியத்தூரத்தை நீட்டினால் கசிவு கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் என்று கண்டு, தொலைநோக்கியை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் 45 மீட்டர் நீளத்தில் ஒன்றைக் கட்டி, கம்பத்தில் கயிறு போட்டுத் தூக்கி நிறுத்தினார். நியூட்டன் இதற்கு வழியே இல்லை என்று முடிவுகட்டினார். எந்தப் பொருளானாலும் வளைவும் பிரிவும் ஒரே விகிதத்தில்தான் வரும் என்பது அவர் எண்ணம். ஆகவே லென்ஸைக் கைவிட்டு உலோக ஆடியால் தொலைநோக்கி செய்தார்.

அந்த ஒரு இடத்தில் நியூட்டன் தவறினார். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும்.

இதை வண்டியின் மைலேஜ் மாதிரி நினைத்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வண்டிக்குக் கேட்கிறோம். கண்ணாடிக்கு, இவ்வளவு நிறப்பிரிவுக்கு எவ்வளவு வளைவு தருவாய் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கான பதிலை அபே எண் என்பார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு நெருங்கிய குடும்பமான கிரவுன் கண்ணாடிக்கு இது சுமார் 64. ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடிக்குச் சுமார் 36. ஃபிளின்ட் நன்றாக வளைக்கும், ஆனால் நிறத்தை வாரி இறைத்துவிடும். பெட்ரோல் குடிக்கும் வண்டி.

அந்த ஊதாரியைக் கொண்டே தீர்வு கண்டார், எசெக்ஸைச் சேர்ந்த செஸ்டர் மூர் ஹால். காலம் 1730 வாக்கில். கிரவுன் கண்ணாடியில் வலுவான குவிலென்ஸ். அதன் பின்னால் ஃபிளின்ட் கண்ணாடியில் மெல்லிய குழிலென்ஸ். குழிலென்ஸ் எதிர்த்திசையில் வளைக்கும், எதிர்த்திசையில் பிரிக்கும். ஃபிளின்ட் அதிகம் பிரிப்பதால், கொஞ்சம் வளைவை மட்டும் பறித்துக்கொண்டு பிரிவு மொத்தத்தையும் அடித்துவிடும். கையில் மிஞ்சுவது நிறமில்லாத வளைவு. ரகசியம் வெளியே தெரியாதிருக்க, இரண்டு லென்ஸையும் இரண்டு வெவ்வேறு தொழிற்காரர்களிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாராம் ஹால். இருவருக்கும் வேலை மிகுதி. இருவரும் அதைத் தூக்கி ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு லென்ஸும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்வதைப் பார்த்த பாஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. செய்தி ஜான் டாலண்டை எட்டி, 1758-இல் காப்புரிமை அவர் பெயருக்குப் போனது.

இந்த ஜோடி லென்ஸ் 7 மி.மீ. இடைவெளியைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கிவிடும். பெரிய வெற்றிதான். ஆனால் மிஞ்சிய அந்தக் கால் மில்லிமீட்டர்தான் நம் ஆட்டின் முதுகில் ஓடும் ஊதாக் கரை.

ஏன் மிஞ்சியது? துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் ஒரே உயரத்தில் கட்டிவிடலாம். நடுவில் கயிறு தொய்யும். கிரவுனும் ஃபிளின்டும் சேர்ந்து சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் கட்டிவிடுகின்றன. நடுவில் பச்சை தொய்கிறது. நீலத்தைத் தாண்டிய ஊதாவோ கட்டுக்கு வெளியே தொங்குகிறது. ஒரு கொடியின் தொய்வை இன்னொரு கொடியின் தொய்வு சரிசெய்ய வேண்டுமென்றால் இரண்டும் ஒரே வடிவத்தில் தொய்ய வேண்டும். சாதாரணக் கண்ணாடிகளில் அப்படிப் பொருத்தமான ஜோடி அமைவதில்லை.

இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும். கண்ணாடிக்குக் கண்ணாடி இவ்வளவு நுணுக்கமாக வேறுபடுவது எப்படித் தெரியவந்தது? வானவில்லில் சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டா வைத்திருக்கிறது?

போட்டு வைத்திருக்கிறது என்பதைக் கண்டவர் யோசஃப் ஃபிரான்ஹோஃபர். அநாதைப் பிள்ளை. மியூனிக்கில் ஒரு கண்ணாடித் தொழிற்காரரிடம் வேலை பழகினார். 1801-இல் அந்தக் கட்டடம் இடிந்து விழ, பதினான்கு வயதுப் பையனை இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தார்கள். மீட்பைப் பார்க்க வந்திருந்த பவேரிய ஆட்சியாளர் கொடுத்த பணம் அவருடைய படிப்புக்கு உதவியது. பின்னர் பெனடிக்ட்பாய்ரன் என்ற பழைய மடாலயத்தில் இயங்கிய கண்ணாடி உலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே பியர் லூயி கினான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இருந்தார். மணி வார்க்கும் தொழில் தெரிந்தவர். சர்க்கரையைத் தண்ணீரில் போட்டுக் கலக்காமல் விட்டால் இழை இழையாகப் பாகு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய கண்ணாடியிலும் அதேபோல் இழைகள் ஓடும், ஆறிய பிறகும் போகாது, உருவத்தைக் குலைக்கும். கினான் சுட்ட களிமண்ணில் துடுப்பு செய்து உலைக்குள்ளேயே கண்ணாடியைக் கிண்டினார். கேட்க எளிது. அதற்கு முன் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான குறையற்ற ஃபிளின்ட் வட்டு கிடைப்பதே அரிதாக இருந்தது.

நல்ல கண்ணாடி கைக்கு வந்ததும் ஃபிரான்ஹோஃபர் அதை அளக்க விரும்பினார். 1814-இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விட்டு, பிரிந்த நிறப்பட்டையைத் தொலைநோக்கியால் பார்த்தார். பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கரிய கோடுகள்! அவை ஒருநாளும் இடம் மாறவில்லை. முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். இன்றைக்கும் கண்ணாடி ஆலைகளின் பட்டியலில் சிவப்புக்கு 'சி' கோடு, நீலத்துக்கு 'எஃப்' கோடு என்றுதான் அளவு கொடுக்கிறார்கள். அபே எண் இந்தக் கோடுகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. அவர் அளவுகோலாக மட்டும் பயன்படுத்திய அதே கோடுகளின் சிறு நகர்வை 1909-இல் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் அளந்துதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். ஃபிரான்ஹோஃபர் 39 வயதில் இறந்துபோனார். இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் என்னென்ன கண்டிருப்பாரோ என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அபே எண்ணில் வரும் எர்ன்ஸ்ட் அபே, ஜெனா நகரில் கார்ல் சைஸின் நுண்ணோக்கிப் பட்டறையில் வேலை செய்த இயற்பியலாளர். கொடிக்கயிற்றுச் சிக்கலுக்குப் புதிய வகைக் கண்ணாடி வேண்டும் என்பதை உணர்ந்து, ஓட்டோ ஷாட் என்ற வேதியியலாளரைக் கூட்டுச் சேர்த்தார். 1884-இல் ஜெனாவில் ஷாட்டின் கண்ணாடி ஆய்வகம் தொடங்கியது. போரான், பாஸ்பரஸ், பேரியம் என்று கலந்து கலந்து புதிய கண்ணாடிகளை வார்த்தார்கள். ஆனாலும் அபேயின் மிகச் சிறந்த லென்ஸுக்குத் தேவைப்பட்டது கண்ணாடியே அல்லாத ஒரு பொருள்: ஃபுளோரைட். கால்சியமும் ஃபுளோரினும் சேர்ந்த இயற்கைப் படிகக் கல். அதன் அபே எண் 95. மைலேஜில் அன்று அதற்கு நிகர் இல்லை. அதைவிட முக்கியம், அதன் தொய்வு மற்றக் கண்ணாடிகளின் தொய்வோடு பொருந்தும் வாகில் இருந்தது. மூன்று நிறங்களை ஒரே இடத்தில் கட்ட முடிந்தது. 1886-இல் வந்த அந்த நுண்ணோக்கி லென்ஸுக்கு அபே 'அப்போகுரோமாட்' என்று பெயர் வைத்தார்; நிறம் முற்றும் நீங்கியது என்று பொருள் கொள்ளலாம். இன்று விலையுயர்ந்த நிலத்தொலைநோக்கிகளின் உடம்பில் 'அப்போ' என்று பொறித்திருப்பது அந்தச் சொல்லின் தலைப்பாகம்தான்.

தெளிந்த ஃபுளோரைட் கல் அபேக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்தது. நுண்ணோக்கிக்கு வேண்டியது மிளகு அளவு லென்ஸ். அதற்குக் கல் போதும். 80 மி.மீ. வட்டுக்கு இயற்கைக் கல்லை நம்பிப் பயனில்லை. 1960-களின் இறுதியில் ஜப்பானின் கேனன் நிறுவனம் ஃபுளோரைட்டைச் சுமார் 1,400 டிகிரி வெப்பத்தில் உருக்கி, மிக மெதுவாக ஆறவிட்டுப் பெரிய படிகமாக வளர்க்கும் முறையைக் கேமரா லென்ஸுக்குக் கொண்டுவந்தது. அவசரப்பட்டால் படிகம் பிளந்துவிடும். வளர்ந்த பிறகும் மென்மையானது, கீறல் விழும், திடீர்ச் சூட்டுக்கும் குளிருக்கும் விரிசல் விடும். மெருகேற்றுபவரின் பொறுமையைச் சோதிக்கும் பொருள். விலையின் முதல் காரணம் இது.

இப்போது கடைக்குத் திரும்பலாம். ஜப்பானின் கோவா நிறுவனம் தன் உயர்வகை நிலத்தொலைநோக்கிகளில் உண்மையான ஃபுளோரைட் படிகத்தையே வைக்கிறது, 88 மி.மீ., 99 மி.மீ. விட்டங்களில். ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் அப்சாம் என்ற ஊரிலிருந்து வரும் ஸ்வரோவ்ஸ்கி, ஃபுளோரைடு கலந்த கண்ணாடியைப் பயன்படுத்துகிறது, 95 மி.மீ. கருவி 30 முதல் 70 மடங்கு வரை போகும். சைஸ், லைகா இரண்டும் இதே வரிசை. படிகமா கண்ணாடியா என்று வேட்டைக்காரர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். என் கணிப்பில் அந்த வாதத்தில் சாரம் குறைவு. இன்றைய சிறந்த ஃபுளோரைடு கண்ணாடியின் அபே எண்ணும் ஏறத்தாழ 95தான். மாறாக, 'ஈ.டி.' என்ற முத்திரையைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். நிறப்பிரிகை மிகக் குறைந்த கண்ணாடி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. எந்த அபே எண்ணுக்கு மேல் இருந்தால் அப்படி எழுதலாம் என்று பொது விதி கிடையாது. 81 உள்ளதும் ஈ.டி., 95 உள்ளதும் ஈ.டி. இரண்டின் விலையும் வேறு, ஊதாவும் வேறு.

கண்ணாடி சரக்கு மட்டுமே. கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறதே! லென்ஸின் வளைவு சரியாகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா, எல்லா லென்ஸும் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கின்றனவா என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியில் இரண்டு கருவிகள்கூட வேறுபடலாம். அதைக் கண்டுபிடிக்க அருமையான சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. இரவில் ஒரு நட்சத்திரத்தை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் பாருங்கள். கூர்மையைச் சற்றுக் கலைத்தால் நட்சத்திரம் விரிந்து, நீரில் கல் எறிந்த மாதிரி வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். கலைக்கும் குமிழை ஒரு பக்கம் திருப்பினாலும் மறுபக்கம் திருப்பினாலும் அதே வட்டங்கள் தெரிந்தால் லென்ஸ் நன்றாக அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் பஞ்சாகவும் இருந்தால் வளைவில் குறை. வட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. முறையாக ஒப்பிடுபவர்கள் இன்னும் ஒரு படி போவார்கள். நெருக்கமான கோடுகள் அச்சிட்ட அட்டையைத் தொலைவில் வைத்து, எந்த நெருக்கம் வரை கோடுகள் பிரிந்து தெரிகின்றன என்று பார்ப்பார்கள். கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் இன்னொரு சிறு தொலைநோக்கியை வைத்து உருவத்தை மேலும் பெரிதாக்குவார்கள். பார்ப்பவரின் கண்ணில் உள்ள குறை கணக்கில் வராமல் கருவியின் எல்லை மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக.

பூச்சு பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். நிலத்தொலைநோக்கிக்குள் லென்ஸும் முப்பட்டகமுமாக இருபது பரப்புகள் இருந்தால், பாதிக்கும் மேல் ஒளி போய்விடும். போன ஒளி சும்மாவும் இருக்காது. உள்ளேயே அலைந்து உருவத்தின்மேல் வெண்திரை போடும். 1935-இல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, ஒளியலையின் கால் பங்கு தடிமனில் ஒரு படலத்தைக் கண்ணாடிமேல் படியவைத்தார். படலத்தின் மேல்முகத்தில் திரும்பும் அலையும் அடிமுகத்தில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இன்று பல அடுக்குப் பூச்சுகளில் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் கீழே. கொம்பின் பள்ளம் கறுப்புக் கோடு கிடையாது. பழுப்பின்மேல் சற்றே ஆழ்ந்த பழுப்பு. வெண்திரை லேசாக விழுந்தாலே அது மறைந்துவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த கருவி எவ்வளவு காட்டும்? இங்கே கண்ணாடிக்கு அப்பாற்பட்ட சுவர் ஒன்று நிற்கிறது. ஒளி ஓர் அலை என்பதால், 80 மி.மீ. லென்ஸ் எவ்வளவு குறையற்றதானாலும் ஒரு கிலோமீட்டர் தொலைவில் 7 மி.மீ.க்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. வெறும் கண்ணுக்கு அந்தத் தொலைவில் சுமார் 30 செ.மீ. 60 மடங்கு பெரிதாக்கினால் 5 மி.மீ. ஆகிறது. அதாவது 60 மடங்கிலேயே கண், லென்ஸின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்து பெரிதாகும், புதிய விவரம் வராது. நல்ல நிறுவனங்கள் 60, 70 மடங்கோடு நிறுத்திக்கொள்வதும், மலிவுக் கருவிகளின் அட்டைப்பெட்டியில் 150 மடங்கு என்று அச்சிடுவதும் இதை வைத்துப் பார்த்தால் விளங்கும். பள்ளங்களை ஐயமில்லாமல் எண்ண வேண்டுமானால் சில நூறு மீட்டருக்குள் போய்த்தான் ஆக வேண்டும். 300 மீட்டரில் எல்லை 2 மி.மீ.க்கு வந்துவிடும்.

மடங்கைக் கூட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு கரண்டி மாவை ஊத்தப்பமாகவும் ஊற்றலாம், கண்ணாடி போன்ற ரோஸ்டாகவும் இழுக்கலாம். மாவு அதேதான். லென்ஸுக்குள் வந்த ஒளியைப் பெரிய உருவத்தின்மேல் இழுத்தால் உருவம் மங்கும். 80-ஐ 60-ஆல் வகுத்தால் 1.3, கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் தடிமன் அத்தனை மி.மீ.தான். 25 மடங்கில் 3.2. அந்தி மங்கலில் நம் கண்மணி ஐந்து, ஆறு மி.மீ. விரிந்து காத்திருக்கும்போது ஊசிமுனைக் கற்றையைக் கொடுத்தால் போதாது. அனுபவசாலிகள் இருட்டத் தொடங்கியதும் மடங்கைக் குறைப்பது இதனால்தான். 95, 115 மி.மீ. என்று பெரிய லென்ஸை முதுகில் சுமப்பதும் இதற்காகத்தான். கூடவே எடையும் ஏறும்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைக்கு இடமில்லை. ஆனால் இதே கருவியை இங்கே வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் வளையம்தான் தேடுகிறார்கள். கோடியக்கரைச் சேற்றில் நடக்கும் உள்ளான்களின் காலில் ஆய்வாளர்கள் போட்ட வளையமும் கொடியும். கொடியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டால் பறவை எங்கிருந்து வந்தது என்று தெரியும். நண்பகலில் அங்கே போய் எந்த விலையுள்ள கருவியை வைத்தாலும் எழுத்து நெளியும். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று, அடுப்புக்கு மேலே தெரியும் காட்சியைப் போல எல்லாவற்றையும் ஆட்டும். அலாஸ்காச் சரிவிலும் இதே கதைதான். வெயில் ஏறிய பாறைமேல் 60 மடங்கு கொதிக்கும். 30 மடங்கில்தான் ஏதாவது தெரியும். மலிவானதற்கும் நல்லதற்கும் உள்ள வேறுபாடு ஒரு வளையத்தைத் தரும். நல்லதற்கும் அதைவிட உயர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காலை ஆறு மணிக்கும் பதினோரு மணிக்கும் நடுவே உள்ள காற்று விழுங்கிவிடும். காற்றில் ஆடும் மெலிந்த ட்ரைபாட் ஒன்று போதும், மூவாயிரம் டாலர் கருவியை முந்நூறு டாலர் கருவியாக்க. வாங்கப் போகிறவர் யாராவது என்னைக் கேட்டால் முதலில் ட்ரைபாடைத்தான் சொல்வேன்.

காற்று அடங்கிய காலையில், கிடா தலையைப் பக்கவாட்டில் திருப்பும் வரை காத்திருந்து எண்ணுகிறார்கள். நுனிக்கு அருகே உள்ள முதல் வளையங்கள் தேய்ந்துபோயிருக்கும். இடையிடையே ஆண்டு வளையம் போலவே தோன்றும் பொய்வளையங்கள் இருக்கும். கூட வந்தவரை உட்காரவைத்துத் தனியாக எண்ணச் சொல்லி இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சுட்ட பிறகு கொம்பை மாநில வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அலுவலர் அதைக் கையில் எடுத்து, பள்ளம் பள்ளமாக விரலால் தடவி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.